ஐந்தாம் லயத்து வீராயியின் மகள்

இயேசு மரி சூசை

திருகோணமலை
12.01.1975

அன்புள்ள தம்பி றொபேட்டுக்கு,

ஆண்டவர் துணையால் நான் சுகம். உன் சுகமும் இன்பமலரின் சுகமும் அறிய ஆவல். நத்தார் பண்டிகைக்கு நீ அனுப்பிய தேயிலை கிடைத்தது. இன்பமலரின் இருமல் குறைந்துவிட்டதா?

உன் மனைவி இன்பமலரின் அக்கா பிலோமினா வீட்டுக்கு இந்த மாதம் ஆறு முறை போய்விட்டேன். மருமகளுக்கு ஆண் குழந்தை. மிட்வைப் வேலையில் இருப்பவள் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகாமல் இருக்க ஏலாது. இல்லாவிட்டால் அவள் புருசன் குலசிங்கம் அண்ணனின் துறைமுகக் கொந்தராத்து வேலைக் கதைகளைக் கேட்க எனக்கு நேரமில்லை.

அங்கே ஒரு பெண் இருக்கிறாள். மேரி என்று கூப்பிடுகிறார்கள். வயது பதினேழு. ஒன்பது வயதில் வந்தவளாம். விறகுக் கொட்டிலில் படுக்கிறாள். எல்லோரும் பூசைக்குப் போகும்போது அவளை உள்ளே விட்டுக் கேற்றைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோகிறார்கள். வலது கை முழங்கை வரை வெந்து ஆறிய தழும்பு. கேட்டால், கஞ்சிப் பானை சரிந்ததாம் என்று பிலோமினா சொன்னாள். பானை சரிந்தால் இரண்டு கோடாக வேகாது. இருபது வருடமாகக் காயம் பார்க்கிறவளிடம் சொல்லும் கதையா அது?

நேற்றுத்தான் அந்தப் பெண் என்னோடு வாய் திறந்தாள். சொந்தப் பெயர் பூவாயி. தாயின் பெயர் வீராயி. எந்தத் தோட்டம் என்று கேட்டேன். கருங்காடு என்றாள். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கருங்காட்டுத் தோட்டத்துக் கிளாக்கரின் அக்காவிடமா வந்து சொல்கிறாள் என்று நினைத்தேன். தம்பி, உன் கந்தோர் மேசையிலிருந்து எழும்பித் தொழிலாளர் லயத்துக்குப் போய், உன் மகள் உயிரோடு இருக்கிறாள், வீட்டுக்கு வர விரும்புகிறாள் என்று அந்தத் தாயிடம் சொல். மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

உடனே எழுது.

உன் அக்கா,
மக்டலின்

—

கருங்காடு தோட்டம்
30.01.1975

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். நாங்கள் சுகம். இன்பமலரின் இருமல் இன்னும் விடவில்லை. இங்கே குளிர் கடுமை. பேக்கரியில் பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை. தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற கதையால் துரைக்கு ஒரு நாளும் நல்ல நாள் இல்லை. அந்தக் கோபமெல்லாம் கந்தோரில்தான் விழுகிறது. முகப்புக் கண்ணாடி உடைந்து பதினைந்து நாளாகிறது, மாற்ற ஆள் இல்லை.

நீங்கள் கேட்ட விஷயம். இங்கே வீராயிகள் பலர். விசாரிக்க வேண்டும். மற்றது, பிலோமினா அக்கா நல்ல மனுசி என்பது உங்களுக்குத் தெரியும். பிறர் வீட்டு விஷயத்தில் நாங்கள் தலையிட்டால் வீணான மனக்கசப்புத்தான் வரும். அந்தப் பிள்ளைக்கு அங்கே சோறாவது கிடைக்கிறது. இங்கே போன வருடப் பஞ்சத்தில் கிழங்குக்கும் வழியில்லாமல் செத்தவர்கள் உண்டு.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
றொபேட்

—

திருகோணமலை
09.02.1975

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். உன் கந்தோரின் கண்ணாடியைப் பற்றி அறிந்தேன். நான் கேட்டது கண்ணாடியை அல்ல.

வீராயிகள் பலர் என்கிறாய். எத்தனை பேர்? பத்தா, இருபதா? அத்தனை பேரிடமும் போய், திருகோணமலையில் உனக்கு மகள் இருக்கிறாளா என்று கேட்க ஒரு பின்னேரம் போதாதா? செக் றோலில் எல்லார் பெயரையும் எழுதுகிறவன் நீ.

சோறு கிடைக்கிறது என்கிறாய். கிடைக்கிறதுதான். எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சோற்றுக் கோப்பையில் அல்ல, ஒரு தகரத்தில். நாய்க்கும் அந்த வீட்டில் தகரம்தான்.

சும்மா இருக்கவில்லை நான். பொலிசுக்குப் போனேன். முறைப்பாடு எழுதுகிற புத்தகத்தைத் திறக்கவேயில்லை. "அது வீட்டு விஷயம் மிஸ்ஸி" என்று தேத்தண்ணீர் தந்து அனுப்பினார்கள். பங்குச் சுவாமியாரிடம் போனேன். பொறுமையாகக் கதைத்துப் பாரும் என்றார். யாரோடு பொறுமை? பிலோமினாவோடா? அவள் தன் சேலை அலுமாரியைப் பற்றி எவ்வளவு பாசமாகப் பேசுவாளோ அவ்வளவு பாசமாகத்தான் அந்தப் பெண்ணைப் பற்றியும் பேசுகிறாள். "எங்கட மேரியைப் போல ஒண்டு இனிக் கிடையாது" என்கிறாள்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே அடிமை முறையை ஒழித்தாயிற்று என்று பள்ளிக்கூடத்தில் உனக்கும் எனக்கும் ஒரே வாத்தியார்தான் படிப்பித்தார். பூட்டிவைத்து வேலை வாங்கி, அடித்து, தாயைக் காணவிடாமல் எட்டு வருடம் வைத்திருப்பதற்கு வேறு பெயர் உனக்குத் தெரிந்தால் எழுது.

அக்கா,
மக்டலின்

—

கருங்காடு தோட்டம்
28.03.1975

மதிப்புள்ள அக்காவுக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். மாதக் கடைசி வேலை, பிறகு எனக்குக் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி?

விசாரித்தேன். ஐந்தாம் லயத்தில் ஒரு வீராயி இருக்கிறாள். புருசன் இல்லை. இரண்டு மகன்மார் கூட இருக்கிறார்கள். மூத்தது ஒரு மகள், சிறுவயதில் வெளியே போனதாம். நீங்கள் சொல்வது அவளாக இருக்கலாம். ஆனால் இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி அவர்களை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள், இந்தியப் பாஸ்போட் வந்துவிட்டது. ஜூலையில் தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறார்கள். ஆகையால் இனி இதில் பலன் இல்லை. அந்தப் பெண் இருக்கும் இடத்தில் இருப்பதே நல்லது.

இன்பமலர் உங்களைக் கேட்டதாகச் சொன்னாள்.

தம்பி,
றொபேட்

—

திருகோணமலை
06.04.1975

தம்பி றொபேட்டுக்கு,

நீ காய்ச்சல் தேறியது சந்தோசம். மற்ற எதுவும் சந்தோசம் இல்லை.

ஏழு வாரம் கழித்து எழுதுகிறாய், எழுதும்போது "பலன் இல்லை" என்கிறாய். உனக்கு விளங்கவில்லையா, விளங்காதது போல இருக்கிறாயா? தாய் கப்பல் ஏறிவிட்டால் இந்தப் பெண்ணுக்கு இந்த நாட்டிலும் உரிமை இல்லை, அந்த நாட்டிலும் ஆள் இல்லை. சாகும்வரை பிலோமினாவின் குசினி அடுப்படிதான். தாயின் பாஸ்போட்டில் மகளின் பெயர் இருக்கிறதா என்று பார். அந்தப் பத்திரங்கள் உன் கந்தோர் வழியாகத்தானே போயிருக்கும்.

அவளிடம் சொன்னேன். கிணற்றடியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா ஜூலையில் இந்தியா போகிறாளாம் என்றேன். கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு சட்டி தேய்த்துக் கவிழ்த்தாள். பிறகு கேட்டாள்:

"ஜூலைக்கு எத்தன ஞாயித்துக்கிழம இருக்கு மிஸ்ஸி?"

பதின்மூன்று என்றேன். தலையை ஆட்டினாள். அவளுக்கு நாள் தெரிவது ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான். கேற் பூட்டுகிற நாள்.

உன்னை இங்கே கூட்டிவந்தது யார் என்றும் கேட்டேன். தெரியாது என்று நிலத்தைப் பார்த்தாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா? யாரோ தரகனுக்குப் பயப்படுகிறாள். நீ அங்கே விசாரித்தால் அந்த ஆள் யாரென்று தெரியவரும்.

பெயர் பாஸ்போட்டில் இருக்கிறதா? கப்பல் எந்தத் திகதி? இந்த இரண்டுக்கும் பதில் எழுது.

மக்டலின்

—

கருங்காடு தோட்டம்
02.05.1975

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் கும்பிடும் மாதா உங்களுக்குச் சுகம் தரட்டும். இவர் எழுத ஏலாமல் இருக்கிறார், அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. 

மச்சாள், நீங்கள் படித்தவர், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிலோமினா அக்கா எனக்குத் தாய்க்குச் சமம். என் கலியாணத்தை நடத்தியவ. ஒரு வேலைக்காரப் பெட்டைக்காக எங்கள் குடும்பத்தைப் பிரிக்கவேண்டாம். இனி இதைப் பற்றி இவருக்கு எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இருமல் பாணி இங்கே கிடைப்பதில்லை. முடிந்தால் ஒரு போத்தல் அனுப்பவும்.

இன்பமலர்

—

திருகோணமலை
18.05.1975

றொபேட்,

இருமல் பாணி தனியாகத் தபாலில் வருகிறது. இன்பமலருக்குக் கொடு.

நேற்றுப் பிள்ளைக்கு நிறை பார்க்கப் போனபோது மறுபடி அவளிடம் கேட்டேன். இந்த முறை நேராகவே சொன்னேன்: உன்னைக் கூட்டிவந்த ஆளைச் சொல்லாவிட்டால் உன் தாயிடம் எப்படிப் போவது என்று. என் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னா நீங்க வர மாட்டீங்க மிஸ்ஸி" என்றாள். "இங்க என்கிட்ட பேசுறது நீங்க ஒருத்தர்தான்."

வருவேன் என்றேன். சொன்னாள்.

கிளாக்கர் ஐயா. ரயில் கோச்சியில் ஜன்னல் பக்கம் இருத்தி, வழியில் ஒரு தோடம்பழம் உரித்துக் கொடுத்தாராம். பள்ளிக்கூடம் சேர்க்கப்போவதாகச் சொன்னாராம். சிலேற்றும் வாங்கிக் கொடுத்தாராம். அந்தச் சிலேற்றைப் பிலோமினா தன் சின்ன மகனுக்குக் கொடுத்துவிட்டாள்.

நான்கு மாதமாக நான் உன்னிடம் உன்னையே தேடச் சொல்லியிருக்கிறேன். நீயும் விசாரிக்கிறேன் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

வேறு எழுத ஏலாது.

மக்டலின்

—

கருங்காடு தோட்டம்
22.06.1975

அக்கா,

நீங்கள் என் சுகம் கேட்கவில்லை. அது சரிதான்.

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் காரணங்கள் எழுதியிருந்தேன். புருசன் செத்து வீராயி மூன்று பிள்ளைகளோடு கஷ்டப்பட்டாள், அவளுக்கு உதவி என்று நினைத்தேன், இப்படி. வாசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. நடந்தது இவ்வளவுதான். பிலோமினா அக்கா ஒரு பிள்ளை வேண்டும் என்று எழுதினா. அதே கடிதத்தில் உருளைக்கிழங்கும் கேட்டிருந்தா. நான் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு மேல் அன்று நான் எதையும் யோசிக்கவில்லை. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடம் என்று வீராயியிடம் சொன்னதும் நான்தான். இத்தனை வருடமும் மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லிவந்ததும் நான்தான்.

போன ஞாயிறு ஐந்தாம் லயத்துக்குப் போனேன். வீராயி தன் காம்பிரா அறைக்குள் கூப்பிட்டு, எனக்கென்று கதிரை இரவல் வாங்கிவந்து போட்டாள். நான் அதில் இருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "எப்ப கூட்டியாருவீங்க?"

உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில்: தாயின் பாஸ்போட்டில் மூன்று பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது. கப்பல் ஜூலை 17, வியாழன். இங்கிருந்து 16ஆம் திகதி கோச்சி. வியாழன் விடிய மதவாச்சியில் நிற்கும். அதில் நானும் வருவேன். மதவாச்சி மேடைக்குப் பூவாயியைக் கொண்டுவர உங்களால் முடியுமா?

றொபேட்

—

திருகோணமலை
17.07.1975

தம்பிக்கு,

இது உன் கைக்கு வரும்போது நீ தலைமன்னாரிலிருந்து திரும்பியிருப்பாய். என் பக்கத்தில் நடந்ததை எழுதுகிறேன். நான் சுகம். சுகம் என்றால், வீட்டு ஜன்னலுக்கு இரண்டு கல் விழுந்தது, அவ்வளவுதான்.

புதன்கிழமை கிளினிக். பேரனுக்கு ஊசி போடவேண்டும், தாய்க்கு இன்னும் உடம்பு தேறவில்லை, மேரியிடம் கொடுத்துவிடுங்கள் என்று முதல்நாளே பிலோமினாவிடம் சொல்லிவைத்தேன். தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு ஊசி போட்டேன். பின்பக்கப் படலையில் இறக்கக்கண்டி ஊர் றுக்கியா காத்துநின்றாள். அவளுடைய இரட்டைப் பிள்ளைகளை ஒரு பகல் முழுக்கப் போராடி உயிரோடு எடுத்துக் கொடுத்தவள் நான். புருசன் சரீப் அநுராதபுரத்துக்கு மீன் லொறி ஓட்டுகிறவர். விஷயத்தைச் சொன்னபோது இருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மதவாச்சியில் சரீபின் சகோதரி வீடு இருக்கிறது, அங்கே தங்கலாம் என்று மட்டும் சொன்னார்கள்.

றுக்கியா தன் சேலையைப் பூவாயிக்கு உடுத்தித் தலையில் முக்காடு போட்டுவிட்டாள். பூவாயி குழந்தையை என் கையில் தரும்போது அதன் வாயைத் துடைத்துவிட்டுத் தந்தாள். லொறியின் முன்பக்கத்தில் ஏறி இருவரும் போனார்கள். பகல் பதினொரு மணி. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்துக் குழந்தையை நானே தூக்கிக்கொண்டு பிலோமினா வீட்டுக்குப் போனேன். ஒளித்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

"மேரி எங்கை?" என்றாள்.

"தாயிட்டைப் போயிட்டாள். நான்தான் அனுப்பினனான்."

"எங்கட பிள்ளையை எங்களைக் கேளாமல் அனுப்ப நீர் ஆர்?"

குழந்தையை அவள் மடியில் வைத்தேன். "உங்கட பிள்ளை இந்தா இருக்குது. அவள் வீராயியின்ரை பிள்ளை."

குலசிங்கம் அண்ணன் புகையிரத நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் ஆள் அனுப்பினார். மீன் லொறியை மறிக்க யாருக்கும் தோன்றவில்லை. இனி இந்தப் பட்டினத்தில் என்னை வேலை செய்ய விடமாட்டேன் என்று வாசலில் நின்று சொன்னார். பார்ப்போம் என்று வந்துவிட்டேன்.

அவள் தாயிடம் சேர்ந்தாளா? இந்த ஒரு முறையாவது என்னைக் காத்திருக்க வைக்காதே.

அக்கா

—

கருங்காடு தோட்டம்
27.07.1975

அன்புள்ள அக்காவுக்கு,

சேர்ந்தாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

கப்பலுக்குச் சனத்தைக் கொண்டுபோகும் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்டேசனிலும் போகிறவர்களைக் கட்டிப்பிடித்து அழுகிற சனம். வீராயி அழவில்லை. மதவாச்சி எப்போது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். விடியும் நேரம் கோச்சி நின்றது. மேடையில் இரண்டு பெண்கள் முக்காடோடு நின்றார்கள். வீராயி அவர்களைப் பார்த்தாள், தாண்டிப் பார்த்தாள், அவர்களுக்குப் பின்னால் தேடினாள். அவள் தேடியது ஒன்பது வயதுப் பிள்ளையை. அந்த உயரத்தில்தான் கண் ஓடியது. பூவாயி கிட்ட வந்து முக்காட்டை இறக்கி, "நாந்தாம்மா" என்றாள். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா, உங்களுக்கு எழுதாத ஒன்று இன்னும் இருக்கிறது. அன்று எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுதினேன். அதுவும் பொய்.

வருடத்தில் மூன்று தடவை வீராயி கந்தோருக்கு வருவாள். அவள் சொல்லச் சொல்ல மகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். பெருவிரலை வைப்பாள். தாயின் கடிதம் வந்தால் பிள்ளை ஏங்கும், அனுப்பவேண்டாம் என்று பிலோமினா அக்கா முதல் வருடமே எழுதியிருந்தா. அதனால் ஒன்றையும் தபாலில் போடவில்லை. எறியவும் மனம் வரவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டேன். இருபத்துநான்கு கடிதங்கள். அவற்றைப் பையில் கொண்டுபோயிருந்தேன். கப்பலில் ஏறும்போது கையில் திணித்துவிட்டு வந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

கோச்சி மதவாச்சியை விட்டதும் வீராயி மகளிடம் கேட்டாள், ஐயா எழுதின கடுதாசி எல்லாம் வந்ததா என்று. ஒன்றும் வரவில்லை என்றாள். தம்பிமார் இருவரும் என்னைப் பார்த்தார்கள். பையைத் திறந்து கடிதக் கட்டை எடுத்தேன்.

"படிங்க ஐயா" என்றாள் வீராயி. அவர்கள் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. என்னைத் தவிர ஆள் இல்லை.

வாசித்தேன். அக்கா, என் கையெழுத்தை நானே வாசித்தேன். சின்னவனுக்கு அம்மை போட்டு மாறிவிட்டது. மலைவேம்பில் இந்த வருடம் காய் பிடித்திருக்கிறது. படிப்பு முடிந்தால் எப்போது வருவாய். பதில் போடவில்லையே, என்மேல் கோபமா. அந்த வரி இரண்டாவது கடிதத்திலிருந்து எல்லாவற்றிலும் இருந்தது. எழுதும்போது நான் கவனிக்கவில்லை. பெட்டியில் இருந்த மற்றச் சனமும் கதையை நிறுத்திவிட்டார்கள். ஏழாவது கடிதத்தோடு நிறுத்தினேன். தண்ணீர் குடித்து மறுபடி தொடங்கினேன்.

பூவாயி கையை நீட்டி, மிச்சக் கடிதங்களை என் மடியிலிருந்து எடுத்தாள்.

"போதுங்க ஐயா. அம்மா பக்கத்துல இருக்கு. மிச்சத்த அதுவே சொல்லும்."

மன்னார் வரை வீராயி சொல்லிக்கொண்டே வந்தாள். நான் வாசலடியில் போய் நின்றேன். துறையில் பூவாயி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீராயிதான் கப்பலடியில் நின்று எனக்குக் கும்பிட்டாள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி,
றொபேட்

—

திருகோணமலை
24.08.1975

தம்பிக்கு,

நான் சுகம். இன்பமலருக்குப் பாணி வேலை செய்ததா?

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மூன்று கிழமை அதைத் திறக்கவில்லை. மன்னித்தேன் என்று எழுத நான் யார்? கடிதம் கிடைக்காமல் இருந்தவள் நான் அல்ல. கோபம் இருக்கிறது. சின்ன வயதில் உன் பாடங்களை நான்தான் திருத்தினேன் என்பதால் எனக்கு என்மேலும் கோபம்.

எனக்குச் சாம்பல்தீவுக்கு மாற்றம் வந்திருக்கிறது. தண்டனையாம். சைக்கிளில் போய் வரலாம், பிரசவமும் அங்கே கூடுதல். குலசிங்கம் அண்ணனுக்கு இதைவிடத் தூரமான ஊர் ஒன்று கிடைக்கவில்லை போல.

எனக்குத் தலை கொதிப்பது வேறு விஷயத்தில். பிலோமினா கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் சொல்கிறாள், நத்தாருக்கு முதல் மலைநாட்டிலிருந்து வேறு பிள்ளை வருகிறது, இன்பமலருக்கு எழுதியாயிற்று என்று. இவ்வளவுக்கும் பிறகு உன் வீட்டுக்குத்தான் எழுதுகிறாள். எழுதலாம் என்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு நீ என்ன பதில் கொடுத்தாய்? குளிர், துரை, பாண் ஒன்றும் வேண்டாம். பதிலை மட்டும் எழுது.

மக்டலின்

—

கருங்காடு தோட்டம்
31.08.1975

அக்கா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இன்று எழுதுகிறேன்.

பிள்ளை தரமாட்டேன் என்று பிலோமினா அக்காவுக்கு எழுதினேன். வேறு எவர் மூலம் எடுத்தாலும் அந்தப் பிள்ளையின் தாயைக் கூட்டிக்கொண்டு நானே அவவின் வாசலுக்கு வருவேன் என்றும் எழுதினேன். இன்பமலர் என்னோடு கதைத்து ஒன்பது நாளாகிறது. குசினி இப்போது என் பொறுப்பில். சோறு குழைகிறது.

பின்னேரங்களில் லயங்களுக்குப் போகிறேன். பிள்ளையை வெளியே கொடுத்த வீடு எது, எந்த ஊர், கூட்டிப்போனது யார் என்று கேட்டு எழுதுகிறேன். முதலில் ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? வீராயியின் பக்கத்துக் காம்பிராக்காரிதான் முதலில் வாய் திறந்தாள். இதுவரை பதினொரு பெயர். ஆறு பேர் கொழும்பில். இருவர் எங்கே என்று தாய்மாருக்கே தெரியாது. மூன்று பேர் திருகோணமலையில். அதில் இருவரைக் கூட்டிப்போனது எனக்கு முதல் இங்கே இருந்த கிளாக்கர். ஒருவரை எங்கள் கங்காணி.

மூன்று வீட்டு விலாசமும், தாய்மார் சொன்ன அங்க அடையாளங்களும் மறுபக்கத்தில் இருக்கின்றன. தாய்மாரின் கடிதங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எப்படியாவது அந்தப் பிள்ளைகளின் காதில் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த மாதம் எனக்கு நான்கு நாள் லீவு இருக்கிறது. சரீபிடம் லொறி எந்த நாட்களில் போகிறது என்று கேட்டு எழுதுங்கள்.

மறுபக்கப் பட்டியலில் கடைசியில் இருக்கும் பிள்ளைக்கு வயது ஏழு. அவளிலிருந்து தொடங்குவோம்.

தம்பி,
றொபேட்